பொறுப்பு முதல்வரின் நிரந்தரக் கொலை

தகரம் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. இளம் வயதில் அவர் பங்க் ராக் பாடிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பத்திரிகை விமர்சகர், இவர் பாடுவதைக் கேட்டால் தகரக் கூரையின்மேல் பூனையை வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கிறது என்று எழுதினார். திட்டித்தான் எழுதினார். ஆனால் பங்க் ராக் உலகத்தில் திட்டும் பாராட்டும் ஒரே பையில்தான் வரும். பூனை என்ற பெயரை வேறொரு குழுவின் பாடகர் முன்பே எடுத்துக்கொண்டிருந்ததால் இவர் தகரம் ஆனார்.

பங்க் ராக் கேட்டறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குப் பெரிய சங்கீத ஞானம் தேவையில்லை. கிடாரில் மூன்று இடம் தெரிந்தால் போதும். நான்காவது தெரிந்தால் வெளியே சொல்லக் கூடாது. மேடையேறி, அரசாங்கம், கல்லூரி, வீட்டு உரிமையாளர் என்று அகப்பட்டவர்களையெல்லாம் தொண்டை கிழியத் திட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்க வேண்டும். தகரத்தின் குழுவில் நான்கு பேர். மற்ற மூவரில் இருவர் பிற்பாடு காப்பீட்டு முகவராகவும் பல் மருத்துவராகவும் ஆகி நல்ல பெயர் எடுத்துவிட்டார்கள். அவர்களை இந்தக் கதைக்குள் இழுப்பது பாவம். மூன்றாவது ஆள் டிரம்ஸ் வாசித்த பெண். அவரைத் தகரம் கல்யாணம் செய்துகொண்டார்.

முப்பது வயது தாண்டியதும் தொண்டை கைவிட்டது. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே யாரோ சாலை போட்டிருக்கிறார்கள் என்றார். அரை வருஷம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று உத்தரவு. வாயைக் கட்டினால் கை சும்மா இருக்குமா? தகரம் ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். அதில் முதல் அத்தியாயத்திலேயே ஒரு தொண்டை மருத்துவர், தன் விளக்கைத் தானே விழுங்கிச் செத்துக்கிடந்தார். புத்தகம் வெளிவந்த பிறகு தகரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. மருத்துவரோ வீடு தேடி வந்துவிட்டார். முகமெல்லாம் பல்லாக, “என்னை ரொம்ப நல்லா கொன்னிருக்கீங்க” என்றார். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் வைப்பதற்கு ஒரு கட்டுப் புத்தகமும் வாங்கிக்கொண்டு போனார்.

மனிதர்களைத் திட்டினால் கோபப்படுகிறார்கள், கொன்றால் மகிழ்ந்துபோகிறார்கள் என்பதைத் தகரம் அன்றைக்குத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு நாவல். இதில் அவரைவிட நிம்மதியடைந்தவர் மாமியார். மருமகன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் கத்துகிறார் என்று சொல்ல அந்த அம்மாளுக்கு இத்தனை காலமாக வாய் வரவில்லை. கொலை செய்கிறார் என்பது எவ்வளவோ மேல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் இசைக் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. கல்லூரிக்குப் பொன்விழா வருகிறதாம், ஒரு முக்கியமான விஷயம் பேச வேண்டுமாம், நேரில் வர முடியுமா என்று முதல்வரே கேட்டார்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று தகரம் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் கல்லூரிக்குள் அவர் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறார். திரும்பியது மதில் வழியாக. அப்போதைய மாணவர் மன்றம் வேறு யாரையோ அழைக்க நினைத்து இவர்களை அழைத்துவிட்டது. இரண்டாவது பாட்டின் நடுவில் நிர்வாகம் மின்சாரத்தை நிறுத்தியது. ஒரு பக்கம் காவலாளிகளும் மறுபக்கம் பேராசிரியர்களுமாக மேடையை நெருங்க, குழு பின்மதிலை நோக்கி ஓடியது. கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு மதில் ஏறலாம். டிரம்ஸை மாட்டிக்கொண்டு ஏற முடியாது. கலைந்துபோன ஒரு சர்க்கஸின் வாத்தியக் குழுவிடமிருந்து அந்தப் பெண் துண்டு துண்டாகச் சேர்த்து, ஆணி அடித்து, திருகு மாற்றி உருவாக்கிய டிரம்ஸ் அது. கல்லூரி அதைப் பறிமுதல் செய்தது. அதன் பிறகு அவர் வேறு டிரம்ஸ் வாங்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரியாமல் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பதுதான் இப்போது அவர் தொழில்.

அழைப்பு உண்மைதான் என்று தெரிந்ததும் மனைவி, “போயிட்டு வா. இந்தத் தடவை வாசல் வழியா வா” என்று மட்டும் சொன்னார்.

முதல்வர் அறை வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. ‘முதல்வர்’ என்ற சொல்லுக்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று இருந்ததை மறைக்கும் விதமாக ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். நிரந்தர முதல்வர் ஒருவரை நியமிக்கும் வரை இவர் பொறுப்பில் இருப்பார் என்று உத்தரவு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. செடி நன்றாக வளர்ந்திருந்தது.

உள்ளே பொறுப்பு முதல்வரும் துணை முதல்வர் அம்மாளும் இருந்தார்கள். ஜன்னல் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு தடித்த புத்தகத்தை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அதுதான் வெள்ளிவிழா மலர் என்று முதல்வர் வருத்தத்தோடு சொன்னார். அச்சகத்தின் தவறால் அந்த மலரின் நடுவில் இருபது பக்கம் கோழி வளர்ப்புக் கையேடு சேர்ந்து தைக்கப்பட்டுவிட்டதாம். இத்தனை வருஷத்தில் ஒருவரும் புகார் சொல்லவில்லை. போன மாதம் தற்செயலாக அவரே கண்டுபிடித்தார். அதைத்தான் இருப்பதிலேயே விருப்பமாகப் படித்தேன் என்றும் சொன்னார். அதனால் பொன்விழா மலரை ஒரு துப்பறியும் நாவலாகக் கொண்டுவர நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. கொலை இந்தக் கல்லூரி வளாகத்துக்குள் நடக்க வேண்டும். கல்லூரியின் பெருமை எந்த விதத்திலும் குறையக் கூடாது.

யார் சாக வேண்டும் என்று தகரம் கேட்டார். 

“ஒரு நிறுவனத்துல எதுவா இருந்தாலும் முதல்ல முதல்வருக்குத்தான்” என்றார் முதல்வர், மேஜையைப் பார்த்தபடி. “நான் கேட்டு வாங்கிக்கல. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல.”

துணை முதல்வர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முறைன்னு பார்த்தா நீங்க பொறுப்பு முதல்வர் சார். உங்களைக் கொன்னா அது பொறுப்புக் கொலை. பொன்விழாவுக்குப் பொறுப்புக் கொலை போதுமான்னு குழுவுல கேப்பாங்க.”

குழுவில் கேட்டேவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தகரமும் போயிருந்தார். பணி மூப்பில் இன்னும் மூன்று பேர் தங்களைக் கொல்லலாம் என்று கை தூக்கினார்கள். புல்லாங்குழல் துறைத் தலைவர், தான் வருகிற மாதம் ஓய்வு பெறப்போவதால் இதுவே கடைசி வாய்ப்பு என்று உருக்கமாகப் பேசினார். கடைசியில், பொறுப்பு முதல்வரைக் கதைக்குள் மட்டும், கொலைக்கு முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்படி, நிரந்தர முதல்வராக நியமிப்பது என்று தீர்மானம் ஆனது. முதல்வர் எழுந்து நின்றார். நிரந்தர முதல்வராகச் சாவதில் தனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்றார். துணை முதல்வர் அம்மாளுக்குத் துப்பறியும் வேலை கிடைத்தது. அதோடு, முதல்வர் இறந்த நிமிஷத்திலிருந்து கல்லூரியைத் திறம்பட நடத்துபவராகவும் தன்னைக் காட்ட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

கல்லூரியை நன்றாகப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள் என்று தகரத்தைச் சுற்றிக்காட்ட அனுப்பினார்கள். முதல் மாடியில் நடக்கும்போது ஒவ்வொரு அறையிலிருந்தும் இருமல் கேட்டது. தனியாக இருமினார்கள், சேர்ந்து இருமினார்கள், ஒருவர் தொடங்க மற்றவர்கள் முடித்தார்கள். ஏதோ தொற்றுநோய் என்று நினைத்துத் தகரம் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் எதிர்ப்பிசைத் துறையின் பேராசிரியர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மெலிந்த மனிதர். கோட்டின் மார்பில் ஒரு ஊக்கு குத்தியிருந்தார். பழைய பங்க் ராக்காரர்கள் கிழிந்த சட்டையைச் சேர்த்துவைக்க ஊக்கு குத்துவார்கள். இது தங்க ஊக்கு. கோட்டில் கிழிசலும் இல்லை.

எதிர்ப்பிசை இப்போது மூன்று வருஷப் படிப்பு என்று பேராசிரியர் விளக்கினார். முதல் வருஷம் அதிருப்தி, இரண்டாம் வருஷம் கோபம், மூன்றாம் வருஷம் கலகம். வருகைப்பதிவு குறைந்தால் கலகம் எழுத அனுமதி கிடையாது. தகரத்தின் பாட்டு ஒன்று இரண்டாம் வருஷத்தில் பாடமாக இருக்கிறது. அதன் ஒலிநாடாவில் மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவில் வரும் இருமலைப் பற்றித்தான் அவர் முனைவர் பட்டம் வாங்கினார். மொழி தோற்கும் இடத்தில் உடம்பு கலகம் செய்கிறது என்பது அவருடைய முடிவு. செய்முறைத் தேர்வில் அந்த இருமலுக்குத் தனி மதிப்பெண்.

“அன்னைக்கு எனக்குச் சளிங்க” என்றார் தகரம்.

பேராசிரியர் பொறுமையோடு புன்னகை செய்தார். படைத்தவருக்குத் தன் படைப்பின் ஆழம் தெரியாமல் போவது சகஜம்தான் என்றார். பிறகு மாணவர்களுக்கு முன்னால் அந்த நான்கு வரியைப் பாடிக்காட்டச் சொன்னார். தகரமும் இருக்கிற குரலில் பாடினார். பேராசிரியர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மென்மையாக, “மூணாவது வரியில சுருதி சேர்ந்துடுச்சு சார். மூலத்துல சேராது” என்றார். மாணவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

துறையின் கோடியில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு டிரம்ஸ். பெரிய டிரம்மின் தோலில் பாதி அழிந்த யானைப் படம், சர்க்கஸ் காலத்து யானை. தகரம் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். கீழே இருந்த அட்டையில் ‘பெயர் தெரியாத கலைஞர்’ என்று எழுதியிருந்தது. பெயர் தனக்குத் தெரியும் என்று அவர் சொன்னார். பேராசிரியர் பதறிப்போனார். பெயர் தெரியாமல் இருப்பதுதான் அதன் மதிப்பு, அதைப் பற்றிப் பல கட்டுரைகள் எழுதியாகிவிட்டது, தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி பயிற்சி வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யானை இன்னும் இருக்கிறது என்று தகரம் சொன்னார். மனைவி துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பிறகு, “பெடல் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு.”

“துருப்பிடிச்சிருக்கும்” என்றார் மனைவி.  ஆனால் ராத்திரி சாப்பிடும்போது அவருடைய வலது கால் மேஜைக்கு அடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைத் தகரம் பார்த்தார். கல்யாணம் ஆன இத்தனை காலத்தில் அந்தக் கால் பிரேக்கைத் தவிர வேறெதையும் மிதித்து அவர் பார்த்ததில்லை. நாவல் எப்படிப் போனாலும் போகட்டும், அந்த டிரம்ஸை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போது முடிவு செய்தார்.

கேட்டுப் பார்த்தார். பொறுப்பு முதல்வர், தனக்கு அதிகாரம் இல்லை, நிரந்தர முதல்வராக இருந்தால் யோசித்திருக்கலாம் என்றார். கதையில் நிரந்தரம்தானே என்றதற்கு, கதையில் வேண்டுமானால் கொடுத்துவிடுகிறேன் என்றார். டிரம்ஸ் தகரத்தின் மனைவியுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று துணை முதல்வர் அம்மாள் கேட்டார். அவர் அடித்துக் காட்டுவார் என்றார் தகரம். அருங்காட்சியகப் பொருளை அடிக்கக் கூடாது என்றார் அம்மாள். அந்தக் கதவு அதோடு சாத்திக்கொண்டது.

நாவலின் முதல் வரைவை எடுத்துக்கொண்டு தகரம் குழுவுக்குப் போனார். அதில் வயலின் ஆசிரியர் ஒருவர், பொறுக்க முடியாமல், வரவேற்புரையின் நடுவில் முதல்வரின் கழுத்தை வயலின் நரம்பால் இறுக்கிவிடுகிறார். வரவேற்புரையின் நீளத்தைப் பார்த்தால் வாசகர்களின் அனுதாபம் கொலைகாரர் பக்கம்தான் இருக்கும்.

குழு இதை ஏற்கவில்லை. கொலைகாரர் ஆசிரியராக இருந்தால் ஆசிரியர் சங்கம் சும்மா இருக்காது. மாணவராக இருந்தால் சேர்க்கை குறையும். எதிர்ப்பிசை மாணவர்கள்தான் கோபக்காரர்கள் ஆயிற்றே என்று ஒருவர் சொன்னபோது பேராசிரியர் எழுந்துவிட்டார். “எங்க பசங்க கோபப்படுவாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா பாடவேளைக்குள்ளதான் கோபப்படுவாங்க. மணி அடிச்சா நிறுத்திடுவாங்க” என்றார். வெளியாள் உள்ளே வந்து கொன்றான் என்றால் காவலாளிகளுக்கு அவமானம். தற்கொலை என்று வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். முதல்வர் காயப்பட்டுப்போனார்; நிரந்தரப் பதவி கிடைத்த மறுநாள் எவனாவது தற்கொலை செய்துகொள்வானா என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது.

எந்தத் துறையையும் சேராத, எந்தச் சங்கத்திலும் இல்லாத, கல்லூரியின் அழைப்பின் பேரிலேயே உள்ளே வந்து போகிற ஓர் ஆள் வேண்டும். எல்லோரும் மெல்ல மெல்லத் தகரத்தின் பக்கம் திரும்பினார்கள். பழைய பாடகர் ஒருவர் முதல்வரைக் கொன்றார் என்று ஒருமனதாக முடிவானது. தகரத்தின் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை. ஆனால் தேநீர் மட்டும் அன்றைக்கு அவருக்கு இரண்டாம் முறை கொடுத்தார்கள்.

பிறகு ஆயுதம். வயலின் நரம்பு என்ற சொல்லைக் கேட்டதுமே வயலின் துறை கொதித்தெழுந்தது. பியானோவை மாடியிலிருந்து தள்ளலாம் என்று தகரம் சொன்னதும் பியானோ துறைத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இது வெறும் கதைதானே என்று தகரம் சமாதானம் சொல்லப் பார்த்தார். அப்போது கடைசி நாற்காலியில், இடுப்பில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்த ஸ்டோர் கீப்பர் தொண்டையைச் செருமினார். அவர் கூட்டங்களில் பேசி யாரும் கேட்டதில்லை.

“கல்லூரிப் பொருளால ஒரு உயிர் போனா அந்தப் பொருளைக் கழிச்சு வெளிய தள்ளணும். அப்புறம் வளாகத்துல வைக்கக் கூடாது. விதி இருக்கு.”

கதையில் போன உயிருக்குக் கூடவா என்று தகரம் கேட்டார்.

“மலர் கல்லூரி வெளியீடு சார். முத்திரை போட்டு வருது. முத்திரை இருந்தா அது நடந்ததுதான்.”

தகரத்துக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அடுத்த கணம் எல்லாம் ஓடியது. துப்பறியும் நாவல் எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு கணத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, எந்தத் துறைக்கும் நஷ்டம் வராத பொருளாக, பெயர் தெரியாத யாரோ விட்டுப்போன டிரம்ஸ் ஒன்றை மாடியில் பார்த்ததாக ஞாபகம் என்றார். வயலினும் பியானோவும் அப்பாடா என்று மூச்சு விட்டன. எதிர்ப்பிசைப் பேராசிரியர் மட்டும் எழுந்து, அது அருங்காட்சியகப் பொருள் என்று ஈனக் குரலில் சொன்னார். கொலை செய்த கருவி என்றால் அதன் மதிப்பு கூடத்தானே செய்யும் என்று துணை முதல்வர் அம்மாள் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து போகும்போது ஸ்டோர் கீப்பர் தகரத்தின் காதோரம் ஒரு சந்தேகம் சொன்னார். டிரம்ஸ் என்பது ஒரு பொருள் அல்ல, ஐந்து உருப்படி. எதனால் சாகிறாரோ அந்த உருப்படிதான் கழியும்.

இரண்டாம் வரைவில் முதல்வர் ஐந்து முறை செத்தார். முதலில் பெடல் தடுக்கி விழுந்தார். விழுந்தவர் மேல் டிரம்ஸின் பித்தளைத் தட்டு பறந்து வந்து விழுந்தது. எழ முயன்றபோது சின்ன டிரம்மால் மண்டையில் அடி. அப்போதும் மூச்சு இருந்ததால், வாசிப்பவர் உட்காரும் முக்காலி. கடைசியாக, யானை போட்ட பெரிய டிரம் படிக்கட்டில் உருண்டு வந்து அவர் மேல் ஏறி இறங்கியது. தன் தொழிலில் இவ்வளவு மோசமான கொலையைத் தகரம் எழுதியதே இல்லை. வெட்கத்தோடுதான் கொடுத்தார். பொறுப்பு முதல்வர் அதை இரண்டு முறை படித்தார்.

“அஞ்சு தடவையா?” என்று கேட்டார். அவர் கண்கள் பனித்திருந்தன. “பதவிக்கு ஏத்த மாதிரி இருக்கு.”

ஒரே ஒரு குறைதான். சாவதற்கு முன்னால் முதல்வர் நான்கு வார்த்தை பேச வேண்டாமா என்றார். அந்த நான்கு வார்த்தையை அவரே எழுதிக் கொடுத்தார். பொன்விழா நாளில் மலர் வெளியானபோது மேடையில் அதை அவரே வாசிக்கவும் செய்தார். ஐந்தாவது அடிக்குப் பிறகு பேசுகிற பேச்சு அது. முன்வரிசையில் தகரமும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“இந்தக் கல்லூரிக்காக ஒன்பது ஆண்டுகளாக நான் எந்த முடிவும் எடுக்காமல் உழைத்திருக்கிறேன்” என்று முதல்வர் கணீரென்று தொடங்கினார். “என் மேஜைக்கு வந்த எந்தக் கோப்பையும் நான் தனியாக விட்டதில்லை, இன்னொரு கோப்பின் மீதுதான் வைத்திருக்கிறேன். என்னைக் கொன்றவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. முன் அனுமதி பெற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான். என் இடத்துக்கு வருபவர் அவசரப்பட்டு எதையும் சரிசெய்துவிட வேண்டாம்.”

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. தகரத்தின் மனைவியும் மனதாரத் தட்டினார். இந்த ஆள் நம்மைவிட நன்றாகக் கலாட்டா செய்கிறார் என்று கணவன் காதில் சொன்னார்.

விழா முடிந்த வாரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. துணை முதல்வர் அம்மாள் நிர்வாகக் குழுவைக் கூட்டினார். முத்திரை போட்ட வெளியீட்டின்படி முதல்வர் கொல்லப்பட்டுவிட்டார். அதே வெளியீட்டின்படி அந்த நிமிஷத்திலிருந்து கல்லூரியைத் தான்தான் நடத்துகிறார். எனவே அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்றார். டிரம்ஸைக் கழிக்கிற விஷயத்தில் மட்டும் மலர் உண்மை, ஆள் விஷயத்தில் பொய் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். குழு வெகுநேரம் விவாதித்தது. முதல்வரும் நேரில் வந்து, தான் உயிரோடு இருப்பதாகத் தெரிவித்தார். அவர் தன் சொந்த விஷயத்தில் தானே சாட்சி சொல்வது முறையல்ல என்று குழு அதை எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில், மறு உத்தரவு வரும் வரை அவர் பொறுப்பில் உயிருடன் இருக்கலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்த பிறகு அந்த மனிதரின் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

இன்னொரு காரியம், ஸ்டோர் கீப்பர் ஐந்து உருப்படிகளையும் பின்வாசலில் கொண்டுவந்து வைத்தார். குப்பை வண்டி வருவதற்கு முன்னால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வண்டி வந்து நின்றது. ஓட்டியவர் வண்டி பழகிக்கொண்டிருந்த ஒரு தையல்காரர். பக்கத்தில் தகரத்தின் மனைவி. பின்னிருக்கையில் தகரம், மடியில் முக்காலி. பெரிய டிரம் கூரைமேல் கட்டப்பட்டு, யானை வானத்தைப் பார்த்தபடி வந்தது. வழி முழுக்கத் தையல்காரர் மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டினார். மனைவி ஒரு முறைகூட பிரேக்கை மிதிக்கவில்லை. தகரம்தான் பின்னால் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொண்டு வந்தார்.

பயிற்சிப் பள்ளியின் கொட்டகையில், பழைய டயர்களை ஒதுக்கிவிட்டு டிரம்ஸை நிறுத்தினார்கள். பெடலுக்கு வண்டி கிரீஸ் போட்டதும் அது பேசத் தொடங்கியது. தினமும் கடைசி மாணவர் போன பிறகு மனைவி உட்காருவார். முதல் இரண்டு நாள் கை வழங்கவில்லை; தனக்குத்தானே திட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் பக்கத்துக் கடைக்காரர் வந்து, என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் மனைவி முகத்தில் திருப்தி தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்ப்பிசைப் பேராசிரியர் அங்கே வந்தார். வண்டி ஓட்டப் பழக வேண்டும் என்றார். ஆனால் வண்டி எது என்றுகூட அவர் பார்க்கவில்லை. கொட்டகை வாசலில் நின்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். தகரத்தின் மனைவி வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, உள்ளே வாங்க சார் என்றார். பேராசிரியர் வந்து, கண்ணாடிப் பெட்டி இல்லாமல் அதை முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்றார். அதைப் பற்றி எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறார். அது எப்படிச் சத்தம் போடும் என்று இப்போது வாசலில் நின்றபோதுதான் கேட்டிருக்கிறார். பெட்டியின் சாவி எப்போதும் ஸ்டோரில்தான் இருந்தது என்று, யாரும் கேட்காமலே, காரணம் சொன்னார்.

“வேற எதையாவது அடிச்சிருக்கீங்களா?” என்று மனைவி கேட்டார்.

பேராசிரியர் யோசித்துப் பார்த்தார். சின்ன வயதில் வீட்டில் ஒரு தட்டைத் தட்டியிருக்கிறார். அப்பா தூங்குகிறார் என்று அக்கா பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு இல்லை.

மனைவி எழுந்துகொண்டு குச்சிகளை நீட்டினார். பேராசிரியர் உட்கார்ந்தார். குச்சியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்தார். சின்ன டிரம்மின் நடுவில், தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல், ஒரு முறை தொட்டார். உடனே தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார்.

“வெளிய யாருக்காவது கேட்டுடப் போகுது” என்றார்.

“கேக்கட்டும்னுதான் சார் அடிக்கிறது.”

பேராசிரியர் அதைக் குறித்துக்கொள்வதற்காகக் கையைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார். எழுந்து கோட்டைக் கழற்றி டயர்களின் மேல் போட்டார். திரும்ப உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அடித்தார். ஒரு குச்சி டிரம்மின் விளிம்பில் பட்டுத் தெறித்து ஓடியது. இன்னொன்று முட்டியில் பட்டது. எந்தத் தாளத்திலும் சேராத, அவ்வளவு மோசமான அடியைத் தகரம் பல வருஷமாகக் கேட்டதில்லை.

மனைவி குனிந்து, ஓடிப்போன குச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “அப்படித்தான்” என்றார்.